நாலு மணி நேரம்தானே?

கைப்பேசியில் கோலாலம்பூர், திருச்சி என்று இரண்டு ஊர்களைத் தட்டிப் பாருங்கள். நேர்த்தூரம் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர், விமானப் பயணம் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று வரும். போன வருஷம் ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செலாயாங்கில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாவுக்காகப் பார்க்கவில்லை. துறையூர் பக்கத்துக் கிராமத்தில் தாத்தாவின் அக்கா இறந்துவிட்டார் என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் போன் வந்திருந்தது.

போன் போட்டது பாட்டியின் மூத்த மகன். தாத்தாவை அவர் மாமா என்று கூப்பிடுவார், எனக்கும் அவர் மாமா முறைதான். அழுது முடித்த குரலில் ரொம்ப நிதானமாகப் பேசினார். "மாமா, பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் போடணும். ஃப்ரீசர் பெட்டி சொல்லியாச்சு. ரெண்டு நாளானாலும் மூணு நாளானாலும் வச்சிருக்கோம். வர்றீங்களா?" பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னது ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "நாலு மணி நேரந்தானே, வந்துருவாங்க."

அந்த ஒரு வாக்கியம் இத்தனை மாசமாக என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நான் படிக்கும் படிப்புக்குத் தகுந்தமாதிரி கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் வானத்தில் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரைக்குமான நேரம் அது. நடுவானில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும் விமானம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து சராசரியில் 700க்குப் பக்கத்தில் வந்துவிடும். இதோடு ரெண்டரை மணி நேர வித்தியாசம் வேறு. ராத்திரி 8.30க்கு இங்கே கிளம்பினால் 10 மணிக்கு முன்னாலேயே திருச்சியில் இறங்கலாம். கடிகாரத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். திரும்பி வரும்போது அதே கடிகாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் காட்டும். 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அதுவரைக்கும் ரெண்டு மணி நேர வித்தியாசம்தான். "அன்னிக்கு ஊரு இன்னும் அரை மணி தள்ளிப் போச்சு" என்பார் தாத்தா.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் கதையே வேறு. செலாயாங்கிலிருந்து சிப்பாங் விமான நிலையத்துக்குக் காடியில் ஒன்றரை மணி நேரம். கே.எல். சென்ட்ரல் போய் ரயில் பிடித்தால் அங்கிருந்து 57 கிலோமீட்டருக்கு 28 நிமிஷம்தான், ஆனால் கே.எல். சென்ட்ரல் போய்ச் சேரணுமே! மூணு மணி நேரம் முன்னாடியே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் குடிநுழைவு, பெட்டி எடுப்பது, அப்புறம் துறையூர் தாண்டி டாக்சி. மொத்தம் பதினோரு மணி நேரம். அதற்கும் முன்னால் இந்தியாவுக்கு இ-விசா எடுக்க வேண்டும். தாத்தாவின் பாஸ்போர்ட் 2016இல் எடுத்தது. ஐந்து வருஷம்தான் செல்லும், தொற்றுக் காலத்தில் முடிந்துபோனதை யாரும் புதுப்பிக்கவில்லை. அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே இல்லை. வீட்டில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். ஹாட்யாய்க்கும் பண்டுங்குக்கும் நண்பர்களோடு போய்வந்த பாஸ்போர்ட். எனக்குப் புதன்கிழமை இறுதித் தேர்வு.

இது யார் மேலும் தப்பில்லாத ஒரு இக்கட்டு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எங்கள் குடும்பத்திலேயே இதே மாதிரி இன்னொரு சாவு நடந்திருக்கிறது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கேள்வி பெரிதானது.

என் கொள்ளுத்தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இப்போதைய போர்ட் கிள்ளானில் இறங்கினார். 1926இல் கட்டிய கப்பல், ஐயாயிரம் பேருக்கு மேல் தளத்தில் ஏற்றிக்கொள்ளும். கடலில் ஏறத்தாழ ஒரு வாரம், அதற்குமேல் நோய்த் தடுப்பு முகாம். மூணு வயசுப் பிள்ளைக்குக் கப்பல் ஒத்துக்காது, எப்படியும் ரெண்டு வருஷத்தில் திரும்பிவிடுவோம் என்று மூத்த மகளை ஆத்தாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளைதான் இந்தப் பாட்டி. 1938இல் மலாயாவுக்கு உதவித்தொகையில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ரெண்டு வருஷம் என்றது என்றைக்கும் முடியவே இல்லை. தாத்தா இங்கே, கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், 1946இல் பிறந்தார். அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பது அவருக்குக் கடிதத்தில் வரும் செய்திதான்.

(ஒரு சின்ன இடைச்செருகல். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்ததை நம் இளைஞர் முகாம்களில் மார்தட்டிச் சொல்கிறோம், நானும் மேடையில் சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் நம்முடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில், எந்த வருஷம் வந்தார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?)

1949இல் கொள்ளுத்தாத்தாவின் அம்மா ஊரில் இறந்துபோனார். கடிதம் தோட்டத்துக்கு வந்து சேர இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் கருமாதியும் முடிந்திருக்கும். கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டாராம். "தூர தேசத்துச் சாவு, பத்து நாளும் தாண்டிப் போச்சு, மூணு நாள் தீட்டு காத்தா போதும்" என்று சொல்லியிருக்கிறார். மொட்டை போட்டு, ஆற்றில் முழுகி, மூணு நாள் கழித்து மறுபடியும் மரம் சீவப் போய்விட்டார். ஊரிலிருந்தும் ஒருத்தரும் அவரைக் குறை சொல்லவில்லை.

பூசாரி அதைச் சும்மா இட்டுக்கட்டிச் சொன்னார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. தூர தேசத்தில் இருப்பவன் சாவுச் செய்தியைத் தாமதமாகக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே விதி இருக்கிறது. பத்து நாளுக்குள் கேட்டால் மிச்ச நாள் மட்டும், பத்து நாள் தாண்டினால் மூன்று இரவு, ஒரு வருஷம் தாண்டினால் வெறும் குளியல். (மனு என்றதும் சண்டைக்கு வந்துவிடாதீர்கள். அந்த நூலில் இருக்கும் மற்றதற்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்த ஒரு விதி மட்டும் எனக்குத் தேவைப்படுகிறது.) எனக்கு இதில் பிடித்தது, தூரத்தை நம் முன்னோர் ஒரு நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது. முடியாததைச் செய்யவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது என்பது தத்துவத்தில் பழைய கருத்து. ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். நம் ஆட்கள் அதையே நாள் கணக்காக்கி நடைமுறையில் வைத்திருந்தார்கள்.

இப்போது பாருங்கள். பாட்டி காலை நாலு மணிக்கு இறந்தார், அவர்கள் நேரம். எங்களுக்கு 6.40க்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் விதிக்கு வேலையே இல்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வாரக் கடலும் இருபது நாள் தபாலும் சேர்ந்து பதில் சொல்லிக்கொடுத்தன. எங்களுக்கு ஒன்றுமே இல்லை. உடம்பைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், விமானம் இருக்கிறது, நாலு மணி நேரம்தான். போகாவிட்டால் அது இனிமேல் விதியில்லை, நாங்கள் எடுத்த முடிவு.

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்தேன். முன்னெல்லாம் ஊரில் காலையில் இறந்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்களாம். வெளிநாட்டுப் பிள்ளைக்காக ரெண்டு நாள், மூணு நாள் வைப்பது விமானம் வந்த பிறகு பிறந்த வழக்கம். வேகம் ஒரு பக்கம் கூடக்கூட இன்னொரு பக்கம் காத்திருப்பு கூடியிருக்கிறது. உறவுக்காரர்கள் சாப்பிடாமல், தூங்காமல், ஒரு ஃபிளைட் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2020இல் இது கொஞ்ச காலத்துக்குத் தலைகீழானது. மார்ச் 18ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு. அதே மாசம் இந்தியாவும் வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்தியது, மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27. ரெண்டு வருஷம். சிறப்பு விமானங்கள் சில பறந்தன, அதில் இடம் கிடைப்பது நம்மைப்போன்றவர்களுக்கு நடக்கிற காரியமா? 2,690 கிலோமீட்டர் அப்படியேதான் இருந்தது, ஒரு கிலோமீட்டர் கூடக் கூடவில்லை. ஊருக்குப் போகும் நேரம் மட்டும் ரஜூலா காலத்தைவிட நீண்டது. இங்கே செலாயாங்கில் ஏப்ரல் மாதம் மொத்தச் சந்தைப் பக்கமும், பிறகு செலாயாங் பாருவில் ஒரு பகுதியும் முள்கம்பி போட்டு அடைக்கப்பட்டது நம் வட்டாரத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த என் நண்பனின் வீடு நடந்தால் பத்து நிமிஷம். அவனுடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது எங்களால் எட்டிப் பார்க்கவும் முடியவில்லை. அவன் எங்களைக் குறை சொல்லவில்லை, நாங்களும் எங்களைச் சொல்லிக்கொள்ளவில்லை. தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை, போக அனுமதி உண்டா, கையில் பணம் உண்டா, வேலையில் லீவு கிடைக்குமா என்பதில்தான் இருக்கிறது என்று அப்போதே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

பொறியியல் படித்தாலும் எங்களுக்கெல்லாம் 'ஃபல்சஃபா டான் இசு செமாசா' என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. பாதி வகுப்பு தூங்கும். அதில் பீட்டர் சிங்கர் என்கிற ஆஸ்திரேலியத் தத்துவவாதி 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார்கள். கிழக்கு வங்காளத்து அகதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதியது. கண் முன்னால் குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப்பக்கம் சாகும் குழந்தையையும் காப்பாற்ற வேண்டும், தூரம் ஒரு காரணமே ஆகாது என்பது அவருடைய வாதம். நாமும் புறநானூற்று 192ஆம் பாட்டைச் சொல்லித்தானே பேச்சையே தொடங்குகிறோம்! எல்லா ஊரும் நம் ஊர் என்றால் திருச்சியும் பங்களாதேஷும் பக்கத்து வீடுதான்.

வாதம் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது எனக்கு உதவவில்லை. சிங்கர் கேட்பது உதவி. பணத்தை அனுப்பினால் உதவி போய்ச் சேர்ந்துவிடும், அனுப்புகிறவன் போக வேண்டியதில்லை. பிறந்த வீட்டுக் கோடியை அப்படி அனுப்ப முடியுமா? சேலையை அனுப்பலாம், துறையூரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். போர்த்துகிற கை தம்பியின் கையாக இருக்க வேண்டும், அதுதான் சடங்கு. 'உன் வீட்டை விட்டுப் போனாலும் நீ எங்கள் பெண்தான்' என்று பிறந்த வீடு கடைசியாக ஒரு தடவை வந்து சொல்வது அது. மூணு வயசில் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு அதைச் சொல்ல வேண்டிய கடன் எங்கள் வீட்டுக்கு மற்ற வீடுகளைவிட அதிகம்.

இப்போது என்னைப் பற்றி. அந்தக் காலையில் நான் டிக்கெட் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். அவசர டிக்கெட் ஆயிரம் வெள்ளிக்கு மேல். அன்றே இ-விசாவுக்கு எழுதிப் போட்டு, அதிர்ஷ்டம் இருந்தால் செவ்வாய்க்கிழமை ராத்திரி போய்ச் சேரலாம். புதன்கிழமைத் தேர்வை விட வேண்டும், தவறினால் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகலாம், கடனுதவிக்கும் பதில் சொல்ல வேண்டும். தாத்தா என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தாத்தா போனை எடுத்து, "எடுத்துருங்கப்பா. எனக்காக அக்காவக் காக்க வைக்காதீங்க. பங்காளி வீட்டுல யாராச்சும் என் பேரச் சொல்லிக் கோடி போட்டுடுங்க" என்றார்.

எனக்கு அப்போது முதலில் வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயந்திரம் வீடியோ காலில் எல்லாவற்றையும் பார்த்தோம். ஊரில் யாரோ கையை உயர்த்திப் பிடித்துக் காட்டினார்கள், நடுவில் ரெண்டு தடவை படம் உறைந்து நின்றது. புதன்கிழமை தேர்வு எழுதினேன், பாஸ் ஆனேன்.

அன்றைக்குப் போயிருக்க வேண்டுமா? பல தடவை யோசித்துவிட்டேன். போகாதது தப்பு என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. ஒரு கிழவருக்குப் பாஸ்போர்ட் இல்லை, ஒரு மாணவனுக்குத் தேர்வு, ஆயிரம் வெள்ளி என்பது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. 'நாலு மணி நேரந்தானே' என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு இந்த மீதி ஏழு மணி நேரமும் விசாவும் தெரிந்திருக்க நியாயம் இல்லை. விமானத்தின் வேகம் ஏறிவிட்டது என்பதற்காக மனுஷனுடைய வசதியும் அதே வேகத்தில் ஏறிவிட்டதாக எடுத்துக்கொண்டு ஒருத்தரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

ஆனால் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் தொண்ணூறு வருஷத்தில் நேரில் பார்த்துக்கொண்டது நாலே தடவை. முதல் தடவை 1979இல். தாத்தா பினாங்கில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏறி மெட்ராஸில் இறங்கி, முப்பத்து மூணு வயசில் அக்கா முகத்தைப் பார்த்தார். 1985இல் அந்தக் கப்பலும் தீப்பிடித்து, சேவை நின்றுபோனது. கடைசியாக 2016. அதற்குப் பிறகு தொற்றுக் காலத்தைக் கழித்துவிட்டாலும் ஆறு வருஷம் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. முன்கூட்டி எடுத்தால் போகவர ஐந்நூறு, அறுநூறு வெள்ளிக்கெல்லாம் டிக்கெட் கண்ணில் பட்டிருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி பாட்டி போனில் கேட்பார், "எப்பய்யா தம்பியக் கூட்டிட்டு வருவ?" நான் ஒவ்வொரு தடவையும் "செமஸ்டர் முடியட்டும் பாட்டி" என்று சொல்வேன். செமஸ்டர் முடிந்தது, நான் பண்டுங் போனேன்.

நாலு மணி நேரம் என்பது சாவுக்கு ஓடுவதற்குப் போதாத நேரம். உயிரோடு இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பதற்குத் தாராளமான நேரம். எங்கள் வீட்டில் அதை நேர்மாறாக வைத்திருந்தோம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனதும் எப்போதும் போகவில்லை. கப்பல் காலத்தில் போனவர்கள் ஆறு மாசம் காசு சேர்த்து, லீவு எழுதிக் கொடுத்து, அதை ஒரு வாழ்க்கைக் காரியமாக நினைத்துப் போனார்கள். இது திருச்சிக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை. கிள்ளானில் இருக்கும் என் சொந்த அத்தை வீட்டுக்குச் செலாயாங்கிலிருந்து காடியில் ஒரு மணி நேரம். போன தடவை எப்போது போனேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம்.

போன டிசம்பர் விடுமுறையில் தாத்தாவுக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுத்து நானே கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளை வேலை செய்து சேர்த்த காசு. பாட்டி இல்லாத வீட்டுக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று அம்மாவே கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. தாத்தா வீட்டிலிருந்தே ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வந்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதைப் பாட்டியின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாமா காப்பி கொண்டுவந்து கொடுத்து, பேச்சுக்காகக் கேட்டார், "ஃபிளைட்டு எவ்வளவு நேரம் மாமா?"

"நாலு மணி நேரந்தான்" என்றார் தாத்தா. மாமா ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.